தொட்டிலும் திரையும்: பெண்கருக்கொலை குறித்த விழிப்புணர்வில் தொலைக்காட்சியின் பங்கு – உசிலம்பட்டி முதல் ஊன்ட்றொப் வரை

1. முன்னுரை

ஆண்மகவை விரும்புதல் தமிழ்ச் சமூகத்தில் நெடுங்காலமாக நிலவிவரும் மனப்பாங்காகும். இறுதிக்கடனில் கொள்ளி வைத்தல், குடிப்பெயர் தொடர்தல், முதுமையில் ஆதரவு பெறுதல் ஆகிய மூன்றும் மகனையே சார்ந்தவையாகக் கருதப்பட்டன. அடுத்தடுத்துப் பெண் பிறந்த வீடுகளில் கடைசிப் பெண்ணுக்குப் 'போதும்பொண்ணு' என்றும் 'வேண்டாம்' என்றும் பெயரிட்ட வழக்கம் இம்மனப்பாங்கின் வெளிப்படையான சான்று. ஆயினும், விரும்பாத பெண்ணுக்குப் பெயரிட்டு வளர்த்தல் ஒன்று. அவளைப் பிறக்கவிடாமற் செய்தல் வேறொன்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதிக் கால்பகுதியில் முன்னது பின்னதாக மாறியபோது, அதே காலத்தில் தமிழர் வீடுகளுக்குள் நுழைந்த புதிய சாதனம் தொலைக்காட்சியாகும்.

இவ்விரு வரலாறுகளும் எவ்வாறு ஒன்றையொன்று தொட்டன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. தொலைக்காட்சி பெண்கொலையைக் குற்றமாகக் காட்டியபோது, குற்றம் நிகழும் இடமும் முறையும் மாறின. பெண்ணை வாழும் ஆளாக நாள்தோறும் காட்டியபோது, மக்கள் மனத்தில் சிறிது மாற்றம் நிகழ்ந்தது. பெண்ணைச் செலவாக எண்ணும் சீதனக் கணக்கை மட்டும் அது போதிய அளவு கேள்விக்கு உட்படுத்தவில்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. தமிழ்நாட்டு அனுபவம் முதன்மைச் சான்றாகவும், வட இந்திய, கொரிய அனுபவங்கள் ஒப்பீடாகவும் கொள்ளப்படுகின்றன. இறுதிப் பகுதி ஜேர்மனியின் ஊன்ட்றொப்பில் கூடும் புலம்பெயர் தமிழ்ச் சமூகத்தை நோக்குகிறது.

2. பரிசத்திலிருந்து வரதட்சணைக்கு

மதுரை மாவட்டத்தின் உசிலம்பட்டி வட்டாரத்தில் நிகழ்ந்த பெண்சிசுக்கொலையைப் பழங்குடி வழக்கத்தின் எச்சமாகக் காட்டும் விளக்கம் ஒரு காலத்தில் பரவலாக இருந்தது. அவ்வட்டாரத்தை ஆராய்ந்தோர் பலர் இவ்விளக்கத்தை ஏற்கவில்லை. மணமகன் வீட்டார் பெண் வீட்டாருக்குப் பரிசம் அளித்துப் பெண் கொண்ட வழக்கமே அங்கு முன்பு நிலவியது. வைகை அணை 1959இல் கட்டி முடிக்கப்பட்ட பின் பாசன நிலமும் பணப்பயிரும் பெருகின. நிலமுள்ள குடும்பங்களில் பரிசம் மறைந்து வரதட்சணை இடம்பிடித்தது. காலப்போக்கில் நிலமற்ற குடும்பங்களும் அதே அளவுகோலுக்கு ஆட்பட்டன. முன்பு வரவாக இருந்த பெண் ஒரு தலைமுறைக்குள் செலவாக மாறினாள். ஆகவே, பெண்சிசுக்கொலை பழமையின் எச்சம் என்பதினும் புதுப் பொருளியலின் விளைவு என்பதே பொருந்தும். தொலைக்காட்சி இச்சிக்கலைக் கையாண்ட முறையை மதிப்பிட இவ்வேறுபாடு இன்றியமையாதது.

3. குற்றங்காட்டும் கண்

1986 ஜூன் மாதம் 'இந்தியா டுடே' இதழ் உசிலம்பட்டிச் சிசுக்கொலைகளை அட்டைப்படக் கட்டுரையாக வெளியிட்டது. 1990இல் அமெரிக்க இதழாளர் எலிசபெத் பூமில்லர் இந்தியப் பெண்களைப் பற்றி எழுதிய நூலில் தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றின் சிசுக்கொலைகளை விவரித்தார். 1993இல் பிபிசி 'லெட் ஹர் டை' என்னும் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. பெற்ற மகளை இழந்த தாயின் முகமும் குரலும் உலகின் வரவேற்பறைகளை எட்டின. 1994இல் பாரதிராஜாவின் 'கருத்தம்மா' திரைப்படம் இதே பொருளைக் கதையாக்கி, குடும்பநலம் பற்றிய சிறந்த படத்துக்கான தேசிய விருதைப் பெற்றது. அப்படம் பின்னர்த் தொலைக்காட்சி வழியாகவும் வீடுகளை அடைந்தது. 'கள்ளிப்பால்' என்ற சொல் தமிழ்ப் பேச்சில் ஒரு கொடுமையின் குறியீடாக நிலைத்தது இக்காலத்தில்தான்.

இப்பரப்புரையின் பயன் சிறிதன்று. 1992இல் தமிழ்நாடு அரசு சேலத்தில் தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்கியது. பெண் குழந்தைப் பாதுகாப்புத் திட்டமும் அதே ஆண்டில் வந்தது. பேசாப் பொருளாக இருந்த ஒன்று ஆட்சியின் கவனத்துக்கு உரியதாயிற்று.

ஆனால் இக்கண் பார்த்த இடம் குடிசை. பாராத இடம் மருத்துவமனை. அம்னியோ நீர்ச் சோதனையும் அதன்பின் ஸ்கேன் கருவியும் 1980களிலேயே இந்திய நகரங்களில் பரவிவிட்டன. இன்று சில நூறு ரூபாய் செலவிட்டால் நாளைப் பெருந்தொகை மிஞ்சும் என்ற பொருள்பட விளம்பரங்கள் வெளிவந்தன. கருவின் பாலை அறிவதைத் தடைசெய்யும் சட்டம் 1994இல் இயற்றப்பட்டு 1996 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 2003இல் திருத்தி வலுப்படுத்தப்பட்டது. அதன் 22ஆம் பிரிவு பாலறிதல் விளம்பரங்களைத் தடுத்தது. எனினும், திரையில் பெண்கொலையின் உருவமாக நின்றவள் சிற்றூர் ஏழைத் தாயே. ஸ்கேன் அறையில் நிகழ்வதற்கு அழுகுரல் இல்லை. படம் பிடிக்கத்தக்க காட்சியும் இல்லை. காட்சியை நம்பி வாழும் சாதனம் காட்சியற்ற கொலையைக் காணத் தவறியது.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதன் விளைவை ஓரளவு உணர்த்துகிறது. ஆறு வயது வரையுள்ள குழந்தைகளில் 1000 ஆணுக்குரிய பெண் எண்ணிக்கை இந்தியாவில் 1991இல் 945ஆக இருந்து 2001இல் 927ஆகக் குறைந்தது. 2011இல் 920க்கும் கீழே சென்றது. தமிழ்நாட்டில் அவ்வெண் 1991இல் 948, 2001இல் 942, 2011இல் 943. மாநில அளவில் தேக்கமாகத் தோன்றும் இவ்வெண்களுக்குள் இரு எதிர்நகர்வுகள் மறைந்துள்ளன. 2001இல் சேலம் 851ஆகவும், இன்றைய எல்லைக்கு உட்பட்ட தர்மபுரி 826ஆகவும் இருந்து, 2011இல் இரண்டும் 910ஐத் தாண்டின. மாறாக, 2001இல் 950ஐ ஒட்டியிருந்த கடலூரும் அரியலூரும் 2011இல் 900க்கும் கீழே இறங்கின. உலகின் கண்பட்ட மாவட்டங்கள் மீண்டன. எவரும் கேமராவுடன் செல்லாத மாவட்டங்கள் சரிந்தன. இதற்குத் தொலைக்காட்சி மட்டுமே காரணமென்று கொள்ள இயலாது. அரசுத் திட்டங்களும் மருத்துவ வசதிப் பரவலும் உடன் இயங்கின. ஆயினும், ஊரின் பெயரால் அடையாளம் பெற்ற குற்றம் அவ்வூரில் குறைந்து, பெயர்பெறாத ஊரில் வேறு வடிவில் வளரக்கூடும் என்பதற்கு இவ்வெண்கள் எச்சரிக்கையாகும். 2011இல் தொட்டில் திட்டம் கடலூர், அரியலூர் உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிக்கப்பட்டது. தொட்டில், பிறந்த குழந்தைக்குப் பயன்படும். பிறக்கவிடப்படாத குழந்தைக்கு அது பயன்படாது.

4. ஊர்த்திடலும் ஒளிபரப்பும்

தர்மபுரியின் மீட்சியில் தொலைக்காட்சிக்குச் சமமாக, சிலவேளை அதனினும் மேலாக, மதிக்கத்தக்கது கலைப்பயணம். 1997 முதல் 1999 வரை அம்மாவட்டத்தில் நிகழ்ந்த சமூகத் திரட்டலில் கலைக்குழுவினர் ஊர் ஊராகச் சென்று தெருநாடகம் நிகழ்த்தினர். ஆட்சிப்பணி அலுவலர் ஷீலா ராணி சுங்கத்தும் பொருளியல் அறிஞர் வெங்கடேஷ் ஆத்ரேயாவும் அவ்வியக்கத்தை 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' ஏட்டில் ஆராய்ந்துள்ளனர். ஆரம்ப சுகாதார நிலையங்களின் இறப்புப் பதிவேடுகளே அவர்களுடைய ஆய்வுக்கு அடிப்படை. கொலையென்று எழுதப்படாத இறப்புகளையும், பெண் குழந்தைகளிடையே மட்டும் மிகுந்த முதல் வார இறப்பைக் கொண்டு அவர்கள் இனங்கண்டனர்.

தெருநாடகத்துக்கும் ஒளிபரப்புக்கும் உள்ள வேறுபாடு கருதத்தக்கது. ஊர்த்திடலில் மாமியார், மருமகள், ஊர்த்தலைவர், சுகாதாரச் செவிலியர் அனைவரும் ஒரே நேரத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தபடி அமர்கின்றனர். நாடகம் முடிந்தபின் எழும் பேச்சுக்கு எவரும் தப்ப இயலாது. தொலைக்காட்சியை வீட்டுக்குள் தனித்திருந்து காணலாம்; ஒவ்வாத இடத்தில் அலைவரிசையை மாற்றலாம். ஆனால் நாடகம் ஒரு நாள் வந்து செல்வது. தொலைக்காட்சி நாள்தோறும் வருவது. முன்னது ஊரின் நாணத்தைத் தூண்டியது. பின்னது வீட்டின் பழக்கத்துக்குள் புகுந்தது.

5. தொடர்களின் நாளாந்தப் பாடம்

இந்தியத் தொலைக்காட்சி 1959இல் டெல்லியில் கல்விநோக்கிலேயே தொடங்கியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975இல் ஒளிபரப்பைத் தொடங்கியது. 1984 ஜூலையில் தூரதர்ஷனில் வந்த 'ஹம் லோக்' தொடர், மெக்சிகோவின் மிகெல் சபிதோ வகுத்த முறையைப் பின்பற்றி, குடும்பக் கதைக்குள் குடும்பநலச் செய்தியைப் பொதிந்தது. நடிகர் அசோக் குமார் ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் தோன்றி அன்றைய கதை எழுப்பும் கேள்வியைப் பேசினார். அறிவுரையாகச் சொல்லாமல் கதைமாந்தரின் வாழ்வாகக் காட்டும் இம்முறையே பிற்காலச் சமூகத் தொடர்களுக்கு மாதிரியாயிற்று. பெண்கருக்கொலையை நேராகப் பேசிய 'ஆத்மஜா' 2004இல் தூரதர்ஷனில் வந்தது. 2009இல் கலர்ஸ் அலைவரிசை தொடங்கிய 'ந ஆனா இஸ் தேஸ் லாடோ' அரியானாச் சிற்றூரைக் களமாக்கியது. 2014இல் பெண்கள் நாளன்று தூரதர்ஷன் தொடங்கிய 'மை குச் பீ கர் சக்தி ஹூ' தொடரில், கட்டாயக் கருக்கலைப்பால் உடன்பிறந்தாளை இழந்த மருத்துவர் சொந்த ஊருக்குத் திரும்பிப் பணியாற்றுகிறார்.

தமிழில் 1993 ஏப்ரல் 14 அன்று சன் தொலைக்காட்சி தொடங்கியபின் நெடுந்தொடர் குடும்பங்களின் மாலைநேரத்தை ஆட்கொண்டது. 2006இல் அரசு தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகளை வீடுகளில் சேர்த்தது. தொலைக்காட்சியை எட்டாத ஏழைவீடு என்பது தமிழ்நாட்டில் அருகியது.

இத்தொடர்களுள் 2002 முதல் 2005 வரை ஒளிபரப்பான 'மெட்டி ஒலி' இவ்வாய்வுக்குச் சிறப்பாக உரியது. தாயில்லாத ஐந்து பெண்களை ஒரு தந்தை வளர்த்து மணமுடித்துக் கொடுப்பதும், புகுந்த வீடுகளில் அவர்கள் படும் பாடுமே அதன் கதை. ஐந்து மகள்களின் தந்தை இரக்கத்துக்குரியவராக மட்டுமன்றி மதிப்புக்குரியவராகவும் திரையில் நின்றார். ஆனால் அதே தொடரை மற்றொரு வகையாகவும் படிக்கலாம்: ஐந்து மகள்களைப் பெற்றால் வாழ்நாள் முழுதும் கண்ணீரும் கடனும் எஞ்சும் என்ற அச்சத்தை அது உறுதிசெய்கிறது. பெண்ணின் துயரைக் காட்டும் கதை, பெண்ணுக்காக வருந்தச் செய்வதோடு பெண்ணைப் பெறவும் அஞ்சச் செய்யக்கூடும். இவ்விருமுகத் தன்மை தமிழ் நெடுந்தொடர்களின் பொதுவியல்பு.

கேபிள் தொலைக்காட்சியின் விளைவை அளந்தறிந்த ஆய்வு ஒன்று இங்கு நினைக்கத்தக்கது. ராபர்ட் ஜென்சன், எமிலி ஓஸ்டர் ஆகிய பொருளியலாளர் 2001 முதல் 2003 வரை பீகார், கோவா, அரியானா, தமிழ்நாடு, டெல்லி ஆகியவற்றின் ஊரகக் குடும்பங்களிடம் திரட்டிய தரவுகளை 2009இல் வெளியிட்டனர். கேபிள் இணைப்பு வந்த ஊர்களில், மனைவியை அடித்தல் ஏற்கத்தக்கது எனக் கூறுவோரும், அடுத்த குழந்தை ஆணாக வேண்டும் என விரும்புவோரும் குறைந்தனர். மகப்பேற்று வீதமும் குறைந்தது. அக்காலக் கேபிள் அலைவரிசைகள் பரப்புரைக்காக நடத்தப்பட்டவை அல்ல. அவற்றில் பெருவழக்காக இருந்தவை குடும்பத் தொடர்கள். வேலைக்குச் செல்லும், தனித்து வெளியே செல்லும், தன் கருத்தைக் கூறும் பெண்ணை நாள்தோறும் காண்பதே ஒரு கல்வியாயிற்று எனக் கொள்ளலாம். ஆயினும், இவ்வாய்வு அளந்தது பெண்கள் கூறிய விருப்பத்தை. விருப்பம் குறைந்தாலும், குழந்தை எண்ணிக்கை அதைவிட விரைவாகக் குறையும்போது, இரண்டில் ஒன்றேனும் ஆணாக வேண்டும் என்ற நெருக்கடி கூடுகிறது. சிறுகுடும்பம் என்னும் வெற்றியும் பாலினத் தெரிவு என்னும் தீங்கும் ஒரே வாயிலின் வழியாக நுழைய இயலும்.

தொடர்களுக்கு இடையே வரும் விளம்பரங்களையும் கணக்கில் கொள்ளுதல் வேண்டும். மகளின் துயரைக் காட்டும் காட்சி நின்றதும், மணக்கோலத்தில் நகை அணிந்த மகளும் பெருமிதத்தால் கண்கலங்கும் தந்தையும் நகைக்கடை விளம்பரத்தில் தோன்றுகின்றனர். பட்டுப்புடவைக் கடையும் திருமண மண்டபமும் பின்தொடர்கின்றன. கதை கேள்விக்கு உட்படுத்திய கணக்கை விளம்பரம் கொண்டாட்டமாக்கித் திருப்பியளிக்கிறது. ஒரே திரை ஒரே மணிநேரத்தில் இரு பாடங்களைக் கற்பிக்கிறது.

6. உரையாடலும் வழக்குமன்றமும்

2012 மே 6 அன்று தொடங்கிய 'சத்யமேவ ஜயதே' நிகழ்ச்சியின் முதற்பகுதி பெண்கருக்கொலையைப் பற்றியதாகும். நடிகர் ஆமிர் கான் நடத்திய அந்நிகழ்ச்சி ஸ்டார் பிளஸ், தூரதர்ஷன் இரண்டிலும் ஒரே வேளையில் ஒளிபரப்பாயிற்று. தமிழ்க் குரலில் விஜய் தொலைக்காட்சியிலும் வந்தது. அதில் நிகழ்ந்த முதன்மையான மாற்றம் குற்றத்தின் இருப்பிடத்தைப் பெயர்த்ததாகும். கல்வியறிவற்ற சிற்றூர்த் தாய்க்கு மாறாக, படித்த நகரக் குடும்பங்களும் மருத்துவர்களும் பேசுபொருளாயினர். 2006இல் சகாரா சமய் அலைவரிசைக்காக ராஜஸ்தான் இதழாளர் இருவர் மறைகாணிகொண்டு மருத்துவர்களைப் பதிவுசெய்ததும், அதன்பின் வழக்குகள் இழுபட்டதும் அந்நிகழ்ச்சியில் விரிவாகக் கூறப்பட்டன. ஒளிபரப்பான சில நாட்களில் ராஜஸ்தான் முதலமைச்சர் ஆமிர் கானைச் சந்தித்து, அவ்வழக்குகளை விரைந்து முடிக்க நடவடிக்கை எடுப்பதாக உறுதியளித்தார்.

ஆறாண்டுகள் நகராத வழக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சிக்குப்பின் கவனம் பெற்றது தொலைக்காட்சியின் வலிமையைக் காட்டும். 2006இல் காட்டியதும் தொலைக்காட்சியே, அதன்பின் மறந்ததும் தொலைக்காட்சியே என்பது அதன் வலுவின்மையைக் காட்டும். திரையின் நினைவு குறுகியது. நீதிமன்றத்தின் நடை மெல்லியது. இரண்டுக்கும் இடையே தொடர்ந்து நின்றோர் பெண்கள் அமைப்பினரும் ஆய்வாளருமே. கருவின் பாலறிதற் சட்டத்தை நடைமுறைப்படுத்துமாறு 2001இல் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டதும், இணையத் தேடுபொறிகளின் பாலறிதல் விளம்பரங்களுக்கு எதிராகச் சாபு ஜார்ஜ் தொடுத்த வழக்கில் 2017 டிசம்பரில் தீர்ப்பு வந்ததும் அவர்களுடைய விடாமுயற்சியின் பயன்கள்.

7. கொரிய ஒப்பீடு

தென்கொரியாவில் 1990இல் 100 பெண் பிறப்புக்கு 116.5 ஆண் பிறப்பு என்னும் அளவுக்குப் பாலினச் சமன் குலைந்திருந்தது. 1992 அக்டோபரில் எம்பிசி தொலைக்காட்சி 'மகனும் மகளும்' எனப் பொருள்படும் தொடரைத் தொடங்கியது. ஒரே பிறப்பில் தோன்றிய இரட்டையருள் ஆண்பிள்ளைக்குச் சிறப்பும் பெண்பிள்ளைக்குப் புறக்கணிப்பும் கிடைப்பது அதன் கதை. அப்பெண்ணின் பெயரான 'ஹூநாம்' பின்வருவது ஆணாகுக என்னும் கருத்துடையது. தமிழின் 'போதும்பொண்ணு'க்கு உடன்பிறந்தாள் எனலாம். நாட்டின் பெரும்பகுதியினர் அத்தொடரைக் கண்டனர்.

2007அளவில் கொரியாவின் பிறப்பு விகிதம் இயல்புநிலையை அடைந்தது. அது தொடரால் மட்டும் விளைந்ததன்று. கருவின் பாலைக் கூறும் மருத்துவர்மீது 1987 முதல் தடை இருந்தது. ஆணையே குடும்பத் தலைவனாக்கிய ஹோஜு முறை அரசியலமைப்புக்கு ஒவ்வாதது என 2005இல் அரசியலமைப்பு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2008 முதல் அம்முறை ஒழிந்தது. நகரமயமும் ஓய்வூதியமும் மகனைச் சார்ந்திருக்கும் தேவையைக் குறைத்தன. திரை எழுப்பிய உணர்ச்சிக்கு ஏற்பச் சட்டமும் பொருளியலும் நகர்ந்த இடத்தில் மாற்றம் நிலைத்தது.

தமிழ்நாட்டில் பரம்பரைச் சொத்தில் மகளுக்குச் சம உரிமை வழங்கும் சட்டத் திருத்தம் 1989ஆம் ஆண்டிலேயே நடைமுறைக்கு வந்தது; இந்தியா முழுமைக்கும் அது 2005இல் வந்தது. மகளைச் செலவுக் கணக்கிலிருந்து உரிமைக் கணக்குக்கு மாற்றவல்ல சட்டம் இது. வரதட்சணையைக் கண்ணீர்க் கதையாக்கிய தமிழ்த் தொடர்கள் பங்குரிமையை அதே ஆர்வத்தோடு கதையாக்கவில்லை. உடன்பிறந்தானிடம் பங்கு கேட்கும் மகள் திரையில் பெரும்பாலும் குடும்பத்தைப் பிரிப்பவளாகவே தோன்றுகிறாள்.

8. ஊன்ட்றொப்: தொலைவிலிருந்து பார்ப்போர்

ஜேர்மனியின் ஹம் நகரைச் சார்ந்த ஊன்ட்றொப்பில் 2002 ஜூலையில் குடமுழுக்குக் கண்ட ஸ்ரீ காமாட்சி அம்பாள் ஆலயம் ஐரோப்பியத் தமிழரின் தலையாய கூடுமிடங்களுள் ஒன்று. ஆண்டுதோறும் தேர்த்திருவிழாவுக்கு ஐரோப்பாவின் பல நாடுகளிலிருந்தும் பல்லாயிரவர் வருகின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் ஈழத்தமிழர். தாய்மொழிப் பொழுதுபோக்கிற் பெரும்பகுதியைத் தமிழ்நாட்டுத் திரையிலிருந்து பெறுவோர்.

இலங்கையில் பிறப்புநிலைப் பாலின விகிதம் இயல்பு எல்லையிலேயே இருந்துவந்துள்ளது. தேசவழமைச் சட்டம் சீதனத்தைப் பெண்ணின் உடைமையாகவே கொண்டது. எனவே, உசிலம்பட்டியின் கதை இப்பார்வையாளருக்குத் தம் மொழியில் நிகழ்ந்த பிறர் துயரமாகத் தோன்றுவது இயல்பு. ஆனால் கொள்ளி வைக்க மகன் வேண்டும் என்ற எண்ணமும், பெண்ணைக் கரைசேர்த்தல் என்ற சொல்லும் ஈழத்தமிழர்க்கு அயலானவை அல்ல. புலம்பெயர்தல் மட்டுமே இம்மனப்பாங்கைக் கரைத்துவிடாது என்பதற்கு இங்கிலாந்துச் சான்று உண்டு: சில்வி டுபுக், டேவிட் கோல்மன் ஆகியோர் 2007இல் வெளியிட்ட ஆய்வு, இந்தியாவிற் பிறந்த தாயரின் மூன்றாம் மற்றும் பிந்திய பேறுகளில் 1990க்குப்பின் ஆண் விகிதம் உயர்ந்ததைக் காட்டியது.

ஜேர்மனியச் சட்டம் இச்சிக்கலை வேறு வழியில் அணுகுகிறது. 2010 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த மரபணுச் சோதனைச் சட்டத்தின் 15ஆம் பிரிவின்படி, சோதனையில் அறியப்பட்ட கருவின் பாலைப் பன்னிரண்டாம் வாரம் முடிந்தபின்னரே தாய்க்குக் கூறலாம். ஆலோசனை பெற்றுக் கருவைக் கலைப்பதற்குத் தண்டனை விலக்கு அளிக்கும் காலமும் பன்னிரண்டு வாரமே. அறியும் உரிமையை முற்றாக மறுக்காமல், அறிதலுக்கும் கலைத்தலுக்கும் இடையே காலத்தை வேலியாக நிறுத்துகிறது இச்சட்டம். இந்தியச் சட்டம் பாலறிதலை முற்றாகத் தடுக்கிறது. ஊன்ட்றொப்பில் கூடும் குடும்பம் இவ்விரு சட்டங்களுக்கும் உறவுமுறையால் தொடர்புடையது. திரையோ அதற்கு ஒரே திரை.

9. முடிவுரை

தொலைக்காட்சி மூன்று வகையாகப் பெண்கருக்கொலையைத் தொட்டது: ஆவணப்படமாகக் குற்றஞ்சாட்டியது, தொடராகப் பழக்கப்படுத்தியது, உரையாடல் நிகழ்ச்சியாக வழக்காடியது. முதலாவது அரசை அசைத்தது. ஆயினும் ஏழைத் தாயை மட்டும் கூண்டில் ஏற்றியது. இரண்டாவது விருப்பங்களை மெல்ல நெகிழ்த்தியது. ஆயினும் மகள் என்றால் கண்ணீர் என்ற சமன்பாட்டைக் காத்தது. மூன்றாவது மருத்துவரை நோக்கிக் கை நீட்டியது. ஆயினும் விரைவில் மறந்தது.

பெண்கொலை பாவம் என்பதை இன்று அறியாதவர் அரியர். கடலூரிலும் அரியலூரிலும் எண்கள் சரிந்தது அறியாமையினால் அன்று. அறிந்தும் கணக்கு மாறாமையினால். மகளுக்குரிய பங்கைக் கேட்கும் பெண்ணையும், அதை முகமலர்ச்சியோடு பிரித்துக் கொடுக்கும் தமையனையும், மகள் கையால் கொள்ளி பெறும் தந்தையையும் தமிழ்த் திரை இயல்பாகக் காட்டத் தொடங்குமாயின், அது விழிப்புணர்வு என்ற பெயரே இன்றித் தன் பணியைச் செய்ததாகும்.